கம்பி இல்லாத ஜன்னல்

ராஜவேல் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் மேல் வலது கையை ஒரு தடவை குறுக்கே வீசுவான். ஈ இருக்காது. இருந்தாலும் வீசுவான். பீரோவைத் திறக்கும் முன்பும், குழாயடியில் கை நீட்டும் முன்பும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் முன்பும் அந்தக் கை காற்றில் ஒரு கோடு கிழித்துவிட்டுத் திரும்பும். அதற்கப்புறம்தான் காரியம் நடக்கும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டில் அவன் தெருவுக்கே இது தெரியும். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "இன்னா ராஜவேலு, ஈ ஓட்டி முடிச்சிட்டியா? குடுக்கலாமா?" என்பார். "முடிஞ்சிது, குடுங்க" என்று அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். கிண்டல் செய்கிறார்களே என்று ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

தங்கை சிவசங்கரி வருஷக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பின்னால் வந்த பழக்கம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஏன் வந்தது என்று கேட்டதில்லை. கேட்டால் அவன் அந்தக் கையை மறைத்துக்கொள்வானோ என்று பயம். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவனுக்கு இல்லை.

விபத்துக்கு முன்னால் ராஜவேலுக்கு இரண்டு வேலைகள். வார நாட்களில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுவான். முகூர்த்த நாட்களில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சுப்ரமணியின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். மஞ்சள் நீராட்டு விழா, கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று வில்லியனூரிலிருந்து கனகசெட்டிக்குளம் வரை எங்கே மேடை போட்டாலும் அந்தக் குழு இருக்கும். பாடுகிறவர்கள் மாறுவார்கள், கீபோர்டில் ராஜவேல் மாறமாட்டான். விரல் போனதும் அந்த நாற்காலியில் விமல்ராஜ் என்கிற பையன் வந்து உட்கார்ந்தான். கம்பெனியில் ராஜவேலைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள்.

அவன் குழுவை விட்டுப் போய்விடவில்லை என்பதுதான் சிவசங்கரிக்குப் புரியாதது. ஒயர் சுற்றினான், மைக் ஸ்டாண்டு தூக்கினான், ஸ்பீக்கர் பெட்டியை வண்டியில் ஏற்றினான். மூலக்குளத்தில் ஒரு கச்சேரிக்கு அவள் போயிருந்தபோது மேடைக்குப் பின்பக்கம் அவனைப் பார்த்தாள். பெட்டி ஒன்றின்மேல் கையை வைத்து, முன்னால் விமல்ராஜ் வாசிப்பதைத் தானும் வாசித்துக்கொண்டிருந்தான். விரல் இல்லாத இடம் வரும்போது கை ஒரு கணம் நின்று, தாண்டிப் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"உனக்குக் கோவமே வராதாணா?"

"யார் மேல?"

"யார் மேலயாவது."

"மூணு விரல் இருக்குது பாப்பா. சோறு பெசஞ்சி சாப்பிடறேன். சட்டைக்குப் பட்டன் போடறேன். கோவப்படணும்னா அதுக்கு ஒரு ஆள் வச்சிதான் கோவப்படணும். எனக்கு எங்க நேரம்?"

அவள் சிரிக்கவில்லை. இருப்பதை நினைத்து நன்றியோடு இருப்பது என்பது இதுதானா, இல்லை தோற்றுப்போனதற்கு அது இன்னொரு பேரா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவன் இன்னொரு தடவை மேடைக்கு முன்பக்கம் வரவேண்டும். பெட்டியின் மேல் வாசித்தது உண்மையான சத்தமாக வெளியே கேட்கவேண்டும். அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது அது ஒன்றுதான். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். பி.எஸ்சி. இயற்பியல். அப்பா கண்ணையன் பழைய கட்டடம் இடிக்கிற வேலைக்குப் போகிறவர். அம்மா பச்சையம்மாள் அடுத்தவர் நிலத்தில் களை எடுப்பவள். பட்டம் வாங்கிய படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, அதுவும் வரம் தரும் என்பதுபோல அவர்கள் காத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

2005ஆம் வருஷம் சித்திரையில் டவுனில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். கல்லூரியில் என்ன பிராஜக்ட் செய்தாய் என்று கேட்டார்கள். இருட்டினால் தானாக எரியும் விளக்கு என்றாள். "செஞ்சி வீட்ல வச்சிருக்கியாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல சார், ரெக்கார்டுல வரஞ்சிருக்கேன்" என்று பதில் சொன்னாள். அவர்கள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். அவளுக்கு அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

கூட்டிப்போக வந்த ராஜவேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்தான். சாயங்காலக் கூட்டம். சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன லேசர் லைட்டுகளை ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். பட்டனை அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்த வெளிச்சம் தங்களைத் தாண்டிப் போனபோது ராஜவேலின் கை வழக்கம்போல எழுந்து அதன் குறுக்கே வீசியது. சுவரில் புள்ளி அணைந்து மறுபடி எரிந்தது.

"ரொம்ப நாளைக்கப்புறம் உருப்படியா எதயோ ஓட்டிட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இதான் பாப்பா பிரஸ்ஸுல இருக்கற கண்ணு. ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நிக்கும். ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு வெளிச்சம் போயிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. நடுவுல கை போச்சின்னா மெஷின் அப்பிடியே நின்னுடும். அடிக்காது."

சிவசங்கரி சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தாள்.

"வெளிச்சத்த வெட்டுனா உங்க மெஷின் நிக்குது. வெட்டுனா என் விளக்கு எரியுது. ரெண்டும் ஒரே வேலதானணா."

"அதுக்கு?"

"வெட்டுனா பாட்டு வந்தா?"

"இன்னாது?"

"ஸ்விட்ச்சுக்கு இன்னா தெரியும், அது மெஷின நிறுத்துதா, பாடுதான்னு? கீபோர்டு கட்டைய விரல் அமுக்குது. அந்த வேலைய வெளிச்சம் செய்யட்டும். உனக்கு விரல் வேணாம். கை இருந்தா போதும்."

 ராஜவேல் எழுந்துபோய் லேசர்காரனிடம் இருப்பதையெல்லாம் கொடு என்றான். "இன்னாண்ணே, இஸ்கூல் நடத்தறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவன் ஒரு கவரில் அள்ளிப் போட்டான்.

வெளிச்சத்தை நிறுத்தி வைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. அது கண்ணையன் வழியாக வந்தது. டவுனில் ஒரு பழைய வெள்ளைக்காரன் காலத்து வீட்டை அவர்கள் அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் உயர ஜன்னல் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தேக்கு. கம்பி எல்லாம் துருப்புடிச்சிப் போச்சி, புடுங்கிப் போட்டுட்டேன். மரம் அப்பிடியே கல்லு மாதிரி இருக்குது பாரு."

கம்பி இருந்த ஓட்டைகள் கீழ்ச் சட்டத்திலும் மேல் சட்டத்திலும் நேருக்கு நேராக நின்றன. ராஜவேல் இடமிருந்து வலமாகத் தொட்டுக்கொண்டே போனான். ஸ, ரி, க, ம, ப, த, நி. ஓட்டை தீர்ந்துபோனது.

"ஏழுதான் இருக்குது. மேல் ஸ-வுக்கு எடம் இல்லியே."

"வெள்ளக்காரன் கிட்ட எட்டாவது கம்பி எனக்கு வேணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணையன் துரப்பணத்தை எடுத்து ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டார். அது மற்ற ஓட்டைகளைவிடக் கொஞ்சம் தள்ளி அமைந்துவிட்டது. இன்றைக்கும் மேல் ஸ-வுக்கு ராஜவேல் சற்றுச் சாய்ந்துதான் எட்டவேண்டும்.

கீழ் ஓட்டைகளில் லேசர்கள் வாயை மேலே பார்த்து உட்கார்ந்தன. மேல் ஓட்டைகளில் பட்டாணியில் பாதி அளவுக்குச் சின்னப் பொருள் ஒன்று. வெளிச்சம் படுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியும். கல்லூரியில் அதற்கு எல்.டி.ஆர். என்று பேர். வீட்டில் எல்லோருக்கும் அது கண்ணுதான். கீபோர்டு விமல்ராஜ் கொடுத்தது. கட்டைகள் பாதி உடைந்துபோன பழசு. கொண்டுவந்து வைத்துவிட்டு, "தொண்ட நல்லாதான் இருக்குதுண்ணே, பல்லுதான் போயிடுச்சி" என்றான். ராஜவேல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தன் நாற்காலியில் உட்கார்ந்தவனை அண்ணன் எப்படி இப்படிக் கட்டிப்பிடிக்கிறான் என்று சிவசங்கரி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்டில் வரைந்தது வேறு, கையால் செய்வது வேறு என்று அவளுக்குத் தெரிய ஒரு மாசமானது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு கீபோர்டு கட்டைக்கு ஒயர் இழுத்து ஈயம் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். சாவிக்கொத்து பேட்டரிகள் சீக்கிரமே செத்துப்போயின. பழைய செல்போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்தாள். பகலில் வெளிச்சத்தை மறைத்தாலும் சத்தம் வரவில்லை. பிறகுதான் உறைத்தது. கண்களுக்கு லேசரும் சூரியனும் ஒன்றுதான். வீட்டில் கிடந்த பேனா மூடிகளின் நுனியை அறுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தொப்பி மாதிரி மாட்டினாள். அதற்கப்புறம் அவை நேர் கீழே இருப்பதை மட்டும் பார்த்தன.

முதலில் வாயைத் திறந்தது 'ப'. குறுக்கே அவள் கை போனதும் ரிலே என்கிற குட்டி டப்பி 'டக்' என்றது. பின்னாலேயே கீபோர்டு தெளிவாக ஒலித்தது. அவள் கையை எடுக்க மறந்து நின்றாள். படித்த படிப்பு தன்னிடம் முதல் தடவையாகப் பேசுகிறது என்று தோன்றியது. உள்ளே ஓடிவந்த பச்சையம்மாள், "யாருடி அது?" என்றாள்.

எட்டும் பேசத் தொடங்கியபோது சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ராஜவேல் ஜன்னல் முன்னால் நின்றான். கையை வீசினான். ஸ-விலிருந்து ஸ வரை எட்டும் சரசரவென்று ஒலித்தன. இத்தனை வருஷம் ஈ ஓட்டிய கைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு வெளிச்சத்தில் கையை நிறுத்தி வைக்க அவனால் முடியவில்லை. நீட்டுவான், சத்தம் வரும், சத்தம் வந்த அடுத்த கணமே கை பின்னால் ஓடிவிடும். டக், டக், டக். பாட்டு நறுக்கிப்போட்ட வெண்டைக்காய் மாதிரி விழுந்தது.

"புடிச்சி நில்லுணா. இது ஒண்ணும் செய்யாது."

"எனக்குத் தெரியுது பாப்பா. கைக்குத் தெரியல."

ஆடி போனது, ஆவணி போனது. டக், டக் மாறவில்லை. ஒருநாள் அவன் ஜன்னலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். நல்லாத்தான் இருந்துச்சி" என்றான். போய் வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது அது. அவள் அன்று அவனோடு பேசவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வீட்டிலிருக்கும் இரும்பு எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும் நாள். கண்ணையனின் கடப்பாரையும் மண்வெட்டியும் வரிசையாக நின்றன. அரிவாள்மணை, சைக்கிள், சிவசங்கரியின் கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பச்சையம்மாள் ஜன்னலையும் நடுவீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, சட்டத்துக்குப் பட்டை போட்டாள். கீழே எட்டு லேசர் வாய்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"ஸ்விட்ச்சப் போடு சாமி. ஒரு பாட்டு பாடிட்டுப் படைக்கலாம்."

ராஜவேல் போட்டான். எட்டுக் கட்டைகளும் ஒரே சமயத்தில் அலறின. நிற்கவில்லை. கொல்லையில் மாடு கயிற்றை இழுத்தது. கண்ணையன் கையிலிருந்த தேங்காய் உருண்டு போனது. "இன்னா சத்தம் அங்க? யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஐயோ, ஜன்னலுக்கு சாமி வந்துடுச்சிடி!" என்று பச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிவசங்கரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. சந்தனம் வெளிச்சத்தை அடைத்துவிட்டது. கை போட்டு மறைத்ததாக எட்டுக் கண்களும் நினைத்துக்கொண்டுவிட்டன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே ஸ்விட்ச்சை அணைத்தாள். திரும்பிப் பார்த்தால் அண்ணன் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பக்கிரி" என்றான்.

பக்கிரி பக்கத்துப் பிரஸ் ஓட்டியவன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேற்கொண்டு என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த வருஷம் ஆயுத பூசைக்கு எங்க ஷாப்புல பக்கிரிதான் எல்லாம் செஞ்சான். பாத்துப் பாத்துப் பொட்டு வச்சான், எம்மா மாதிரியே. என் பிரஸ்ஸுல அந்தத் தூணு கண்ணாடியிலயும் வச்சிட்டான். லீவு முடிஞ்சி மொத ஷிப்டுக்காரன் வந்தா மெஷின் எறங்கல. கண்ணு மறஞ்சிருந்தா எறங்காது, அதான் அதோட வேல. இன்-சார்ஜு அவசரத்துல, இன்னா ஏதுன்னு பாக்காம, கண்ணோட ஒயர கழட்டி வுட்டு ஓட்டச் சொல்லிட்டாரு. நான் அடுத்த ஷிப்டு. எனக்கு யாரும் சொல்லல. கண்ணு முழிச்சிருக்குதுன்னு நம்பிக் கைய வுட்டேன். ஒரு தடவ வீசிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

 கையை வீசுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே சிவசங்கரிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"மெஷின் ஒரு அடியோட நிக்கல, ரெண்டாவது அடி அடிக்க மேல ஏறிடுச்சி. கை உள்ள மாட்டிக்கிட்டு இருக்குது. பக்கிரி ஓடிப்போயி மெயின ஆஃப் பண்ணான். இல்லன்னா மணிக்கட்டோட போயிருக்கும். அப்புறம்தான் அவன் கண்ணாடில பொட்டப் பாத்தான். 'என் பொட்டுதாண்ணே, என் பொட்டுதாண்ணே'ன்னு தலையில அடிச்சிக்கிட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்து என் கால்ல வுழுந்தான். எனக்கு மயக்கம், வாய் வரல. நான் எழுந்து நடமாடறதுக்குள்ள வேலய வுட்டுட்டு ஊரவிட்டே போயிட்டான்."

"அவன் மேல தப்பில்லியே" என்றார் கண்ணையன்.

"அதத்தானப்பா அவன்கிட்ட சொல்லணும். எனக்கு இந்த மூணு விரல் அவன் குடுத்தது. நான் அவனுக்கு ஒரு வார்த்த சொல்லல. அவன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டான்."

பச்சையம்மாள் முந்தானை நுனியை நனைத்து ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தாள். பிறகு, படையல் பாதியில் நிற்கக் கூடாதே என்று தூபக்காலில் சாம்பிராணியைப் போட்டு ஜன்னல் முன்னால் காட்டினாள். சிவசங்கரி ஸ்விட்ச்சைப் போட்டாள்.

அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் புள்ளிகளைத்தான். புகையில் வெளிச்சம் முழுசாக எழுந்து நின்றது. கண்ணையன் பிடுங்கிப்போட்ட ஏழு கம்பிகளும், அவர் துளைத்த எட்டாவதும், சிவப்பாக, மெலிசாக. பிடிக்கலாம் போலிருந்தது. ராஜவேல் கையை வீசினான். பிறகு 'ப'வில் கையை நீட்டினான். உள்ளங்கையில் சிவப்புப் பொட்டு விழுந்தது. கை அங்கேயே நின்றது. சத்தமும் நின்று, நீண்டு, வீட்டை நிறைத்தது. அவன் கையை எடுக்கவே இல்லை.

மறைந்து நிற்பதைப் பார்க்க முடிந்ததாலா, மனதிலிருந்ததைச் சொல்லிவிட்டதாலா, எதனால் அந்தக் கைக்குத் துணிச்சல் வந்தது என்று சிவசங்கரி பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். பாடப் புத்தகத்தில் பதில் இருக்கிற கேள்வி இல்லை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பக்கிரியைத் தேடிப்போனார்கள். திருக்கனூர் பக்கம் அவன் ஊர். வீட்டில் அக்கா செல்வாம்பாள் மட்டும் இருந்தாள். திருப்பூரில் இருக்கிறான், கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டிருக்கிறான், எப்போதாவது அவனே கடை போனுக்குக் கூப்பிடுவான் என்றாள்.

"கூப்புட்டா ராஜவேல் வந்தான்னு சொல்லுங்கக்கா. உன்னாலதான் கை இருக்குதுன்னு சொன்னான்னு சொல்லுங்க."

"உன் பேரு எடுத்தாலே போன வச்சிடறாம்பா" என்றாள் அவள். "சொல்லிப் பாக்கறேன்."

தை பிறந்ததும் ஒரு வரவேற்பு வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா, மூலக்குளம் மண்டபத்தில் பேத்தி கல்யாணம் வைத்திருந்தார். ராஜவேல் வீட்டுக்கு வந்து ஜன்னல் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் போன சுப்ரமணி, அந்த மேடையில் ஒரே ஒரு பாட்டு தருவதாகச் சொன்னார். "நல்லாப் போச்சின்னா பாக்கலாம். போகலன்னா மனசுல வச்சிக்காத, இன்னா?"

அன்று காலையிலிருந்து சிவசங்கரிக்கு ஒரே கேள்விதான். அண்ணனை அவள் மேடை ஏற்றுகிறாளா, இல்லை கல்யாணக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுகிறாளா? வண்டியில் போகும்போது அவனிடமே கேட்டுவிட்டாள்.

"வேடிக்க பாக்க வர்றவனும் காதோடதான் பாப்பா வர்றான்" என்றான் ராஜவேல்.

ஜன்னலை மேடை நடுவில் நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டையோடு ராஜவேல் முன்னால் வந்து நின்றான். பச்சையம்மாள் ஓரத்தில் தூபக்காலோடு தயாராக இருந்தாள். சாம்பிராணி போட்டாள். மண்டபத்து மின்விசிறிகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. புகை எழுந்த வேகத்தில் கலைந்து போனது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெற்று ஜன்னல், அதற்கு முன்னால் கையை ஆட்டும் ஒரு ஆள். சத்தம் வந்தது. யாரும் நம்பவில்லை.

"கேசட்டுடா! பின்னாடி கேசட் ஓடுது!"

"யோவ், அவன் ஈ ஓட்றான்யா!"

மண்டபம் சிரித்தது. டீக்கடையில் கேட்ட அதே வார்த்தை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று சிவசங்கரிக்கு உடம்பு எரிந்தது. சுப்ரமணி, நீ ஆரம்பி என்பதுபோல விமல்ராஜைப் பார்த்தார். விமல்ராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வாசிக்கமாட்டேன் என்று சொல்லாமல் சொன்னது மாதிரி இருந்தது.

அவள் மேடையிலிருந்து இறங்கி நேராக முன் வரிசைக்குப் போனாள். "தாத்தா, கொஞ்ச நேரம் ஃபேன நிறுத்தச் சொல்றீங்களா? அப்பத்தான் தெரியும்."

சொல்தா அவளையும் மேடையையும் பார்த்தார். என்ன தெரியும் என்று கேட்கவில்லை. "அவ்வளவுதானம்மா?" என்று எழுந்து நின்று ராணுவத்துக் குரலில் கத்தினார். "யாருப்பா அங்க, எல்லா ஃபேனையும் ஆஃப் பண்ணு! வேர்த்தா வேர்க்கட்டும்!"

விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. பச்சையம்மாள் இன்னொரு பிடி சாம்பிராணி போட்டாள். புகை ஜன்னலுக்குள் ஏறியது. ஒவ்வொன்றாக எட்டுச் சிவப்புக் கம்பிகள் எழுந்து நின்றன. பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டன.

ராஜவேல் கையை ஒரு தடவை குறுக்கே வீசினான். கம்பிகள் முறிந்து முறிந்து சேர்ந்தன, எட்டும் ஒலித்தன. இந்தத் தடவை யாரும் ஈ என்று சொல்லவில்லை. பிறகு அவன் இரண்டு கைகளையும் நீட்டி வாசிக்கத் தொடங்கினான். எல்லோருக்கும் தெரிந்த பழைய தாலாட்டு மெட்டு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எட்டுச் சத்தத்துக்குள் அடங்குவதுதான், வேகமும் இல்லை. மேல் ஸ-வுக்கு அவன் சாய்ந்தபோது முன் வரிசையில் ஒரு கிழவியும் கூடவே சாய்ந்தாள். இல்லாத இரண்டு விரல்களின் இடைவெளி வழியாக ஒரு கீற்று வெளிச்சம் தப்பிப் போய்க்கொண்டிருந்ததை சிவசங்கரி மட்டும் பார்த்தாள். அதனால் சத்தம் கொஞ்சம் நடுங்கியது. அவள் போட்ட கணக்கில் அந்த நடுக்கம் இல்லை. மெட்டுக்கு அதுதான் அழகாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் சொல்தா மேடைக்கே ஏறி வந்தார். ராஜவேலின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "மெர்சி, மெர்சி பொக்கூ" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு பேண்ட் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, "இப்ப ஃபேனப் போடுங்கடா, சாவடிக்காதீங்க" என்றார்.

அதற்கப்புறம் குழுவின் முதல் ஐட்டம் ஜன்னல்தான். ராஜவேல் இப்போதும் பகலில் பேக்கிங் வேலைக்குப் போகிறான். சாயங்காலம் ஒயரும் சுற்றுகிறான். சட்டம் மட்டும் புதிசாக வார்னிஷ் அடித்துக்கொண்டது. சிவசங்கரிக்கு ஒரு பாலிடெக்னிக் லேபில் வேலை கிடைத்தது. இரண்டாவது இன்டர்வியூவில் அதே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்ல இருக்குது சார், வந்து பாருங்க" என்றாள். தான் அண்ணனுக்கு ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குச் சேர்ந்த நாளில், அவன்தான் தனக்குச் செய்திருக்கிறான் என்று மாற்றிக்கொண்டாள்.

கச்சேரியில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். ஜன்னலில் இந்தப் பாட்டு வேண்டும், அந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்பார்கள். முடிந்ததை ராஜவேல் வாசிப்பான். ஒரு பாட்டுக்கான சீட்டு வந்தால் மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அந்தப் பாட்டு எட்டுச் சத்தத்துக்குள் அழகாக அடங்கும். முதலில் சுப்ரமணி கோபப்பட்டார்.

"ஏன்டா, சுளுவான பாட்டுதான? ஏன் மாட்டேங்கற?"

"இது ஒருத்தனுக்குக் குடுக்க வேண்டியதுண்ணே. அவன் கேட்டு ரொம்ப நாளாச்சி."

பிரஸ் ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு பக்கிரி கேட்ட பாட்டு அது. 'எப்பண்ணே மேடையில வாசிக்கப் போற?' என்று தினமும் நச்சரிப்பானாம். 'நீ வந்து முன் வரிசையில உக்காரு, வாசிக்கறேன்' என்று ராஜவேல் வாக்குக் கொடுத்திருந்தான்.

கரண்ட் போகிற சாயங்காலங்களில் வீட்டில் அவன் ஜன்னல் முன்னால் போய் நிற்பதை சிவசங்கரி பார்த்திருக்கிறாள். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. கையை ஒரு தடவை வீசிவிட்டு, வெறும் சட்டத்துக்குள் அந்தப் பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசிப்பான். மேல் ஸ-வுக்குச் சாய்வான். கரண்ட் வந்ததும் நிறுத்திவிடுவான்.

செல்வாம்பாளிடமிருந்து இரண்டொரு தடவை சேதி வந்தது. சொன்னாளாம். அவன் போனை வைக்கவில்லையாம். ஒன்றும் பேசவும் இல்லையாம். எந்த ஊரில் கச்சேரி என்றாலும் ராஜவேல் அவளுக்குத் தகவல் சொல்லிவிடுகிறான். மேடை ஏறியதும் முதலில் முன் வரிசையைத்தான் பார்க்கிறான். பக்கிரி இன்னும் வரவில்லை. அவனுக்குச் சேரவேண்டிய பாட்டு ராஜவேலிடமே இருக்கிறது.